குழிச்சிங்கம்

கொச்சி மட்டாஞ்சேரியில் யார் கையிலாவது விசித்திரமான காசு ஒன்று சிக்கினால், "ஆனந்தகுமார்கிட்ட கொண்டு போ" என்றுதான் சொல்வார்கள். கொண்டு போகிற இடம் ஒன்றும் பெரிய கடை இல்லை. அரண்மனைச் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் ஜெராக்ஸ் மெஷினும் லேமினேஷன் பெட்டியும் போக, ஒரு ஆள் குறுகி உட்காரும் அளவுக்கு இடம். ஊர்க்காரர்களின் ரேஷன் கார்டுக்கும் பிள்ளைகளின் சான்றிதழுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டுப் பிழைத்தவர் அவர். மேஜை இழுப்பறையில் ஒரு லென்ஸும், அழுக்கில்லாத ஒரு துணியும், காசு போட்டு வைக்கும் சின்னச் சின்ன உறைகளும் எப்போதும் இருக்கும்.

காசைக் கொடுத்தால் விளிம்பில் மட்டும் விரல் வைத்து வாங்குவார். கொண்டு வந்தவர் கட்டைவிரலை நடுவில் அழுத்தி நீட்டினால் முகம் சுளிப்பார். "காசோட மூஞ்சியத் தொடாதீங்க. உங்க மூஞ்சிய ஒருத்தன் எண்ணெய்க் கையால அமுக்கினா சும்மா இருப்பீங்களா?" என்பார். இன்னொன்றும் சொல்வார்: காசைக் கழுவக் கூடாது. புளி, சாம்பல், பல்பொடி எதுவும் ஆகாது. எத்தனை அழுக்கானாலும் அது காசின் வயசு. அதைச் சுரண்ட நமக்கு உரிமை இல்லை.

யூதத் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் முகைதீன் பிச்சை மாதம் ஒருமுறையாவது வந்துவிடுவார். ஒருநாள் ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய் ஒன்றைத் துணியில் பொதிந்து கொண்டு வந்தார்.

"பாரு குமாரு, முகம் தெரியுது. இதைப் பாத்து சவரமே பண்ணலாம். புரூஃப்தானே?"

புரூஃப் என்றால் செலவுக்கு அடித்த காசு இல்லை. நாணயச் சாலையில் அச்சையும் வெற்று வில்லையையும் மெருகேற்றி, நிதானமாக, ஒன்றுக்கு மேல் அடி கொடுத்து, காட்டி வைப்பதற்கென்றே செய்வது. ஆனந்தகுமார் அதை டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"பாய், சவரம் பண்ணினது இந்தக் காசுக்குத்தான். யாரோ சக்கரத்துல வச்சு மெருகு போட்டிருக்கான்."

"எப்பிடிச் சொல்றே?"

"புரூஃப்னா கண்ணாடி எழுத்தோட காலடி வரைக்கும் போகும். இங்க பாருங்க, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவுல மங்கல் அப்பிடியே நிக்குது. சக்கரம் அந்தச் சந்துக்குள்ள நுழையாது. ராஜா மூக்கையும் பாருங்க, வழுக்கையாயிடுச்சு. புரூஃப்ல மூக்கு வெட்டின மாதிரி நிக்கணும்."

"நீ ஒரே ஒரு பொய் சொன்னா என் கடை வாடகை கெடைச்சுரும்டா."

"பொய் சொல்லத்தான் நீங்க இருக்கீங்களே பாய். ஒரு தெருவுக்கு ரெண்டு பேர் எதுக்கு?"

அவர் பொய் சொன்னதில்லை. அது ஊருக்குத் தெரிந்திருந்தது. அவருக்கும் அது கொஞ்சம் அதிகமாகவே தெரிந்திருந்தது.

அவருடைய உண்மையான பைத்தியம் புரூஃப் காசுகளின் மேல் இல்லை; நாணயச் சாலையின் தவறுகள் மேல். விளிம்பில் பிறை போலக் கடிபட்ட காசு, அச்சு திரும்பிப்போய்ப் பின்பக்கம் தலைகீழாக விழுந்த காசு, படம் பாதி வெளியே ஓடிவிட்ட காசு, அச்சில் விழுந்த விரிசல் மயிரிழை மேடாக ஏறிய காசு. இவற்றைத் தேடித் துழாவ அவருக்கு ஒரு இடம் இருந்தது. செர்லாய்ப் பக்கம் மளிகைக் கடை வைத்திருந்த பிச்சுமணியின் கல்லாப் பெட்டி.

பிச்சுமணி அவருடைய அக்கா கமலாக்ஷியின் கணவர். இரண்டு குடும்பமும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வியாபாரத்துக்கு வந்து கொச்சியில் தங்கிப்போனவை. பிச்சுமணிக்குப் பேச்சில் மலையாளம்தான் பாதி. மச்சினனை 'அளியா' என்றே கூப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமை ஆனந்தகுமார் கடையில் நுழைந்ததும் சில்லறைப் பெட்டியை அவர் முன்னால் தள்ளிவிட்டு, வந்திருக்கும் ஆட்களைப் பார்த்துத் தொடங்கிவிடுவார்.

"நேராப் பொறந்த காசு இதுல எவ்வளவு கெடக்கு! ஒண்ணையும் ஏறெடுத்துப் பாக்கமாட்டான். எவனோ தூங்கி விழுந்து கோணலா அடிச்ச காசுக்குத்தான் எங்க அளியன்கிட்ட மரியாதை. எங்க அக்காவைக் கட்டினதுக்கு என்னைய மட்டும் ஏன் மதிக்கமாட்டேங்கறான்னு தெரியலை, நானும் கொஞ்சம் கோணல்தான்."

"என்ன அத்தான், என் அக்காவைத்தானே கட்டினீங்க? உங்க அக்காவையா?"

"பாத்தீங்களா, தப்புன்னா ஒடனே கண்டுபிடிச்சுருவான்!"

ஆனந்தகுமாருக்கு ஆயுசு முழுக்கக் கிடைக்காத காசு ஒன்று உண்டு. நாணயச் சாலையில் அடித்த காசு சில சமயம் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அது தெரியாமல் மெஷின் அடுத்த வில்லையை அடித்துவிடும். அப்போது ஒட்டியிருந்த காசின் சிங்கத் தலை புது வில்லையில் குழியாக, இடவலம் மாறிப் பதிந்துவிடும். ஒரு பக்கம் மேடான சிங்கம். திருப்பினால், எண் இருக்க வேண்டிய இடத்தில் அதே சிங்கம் பள்ளமாக. பிச்சுமணி அதற்குக் குழிச்சிங்கம் என்று பெயர் வைத்திருந்தார். "கெடைச்சுதா உன் குழிச்சிங்கம்?" என்பதுதான் அவர் விசாரிக்கும் க்ஷேமம்.

கிடைக்கவில்லை என்றாலும் போலிகள் நிறைய வந்தன. பட்டறையில் ஒரு காசின் மேல் இன்னொன்றைக் கவிழ்த்து அழுத்தினால் பள்ளமாக ஒரு சிங்கம் விழுந்துவிடும். பார்க்கிறவன் அந்தப் பள்ளத்தையே பார்த்து மயங்கிவிடுவான். ஆனந்தகுமார் பள்ளத்தைப் பார்க்கவே மாட்டார். திருப்புவார். பட்டறையில் அழுத்திய காசின் மறுபக்கம் அடியில் கிடந்து நசுங்கியிருக்கும். சிங்கத்தின் மூக்கும் பிடரியும் சப்பையாகியிருக்கும். நாணயச் சாலையின் தவறு என்றால் மறுபக்கம் புதுசு மாதிரி கூர்மையாக நிற்கும். போனில் படம் அனுப்புகிறவர்களுக்கும் ஒரே பதில்தான்: "மறுபக்கத்தை அனுப்புங்க. அப்புறம் பேசலாம்."

ஆடி மாதத்துக் கர்க்கடக மழை விடாமல் கொட்டிய ஒரு காலையில், கடை ஷட்டரைத் தூக்கிக் கொண்டிருந்த பிச்சுமணி அப்படியே உட்கார்ந்தார். பிறகு எழவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரும்போது எல்லாம் முடிந்திருந்தது.

ஓடியாட ஆண்பிள்ளை இல்லாத வீடு. ஒரே மகள் ஸுப்ரியா. அதனால் தார்ப்பாய் கட்டச் சொன்னது, பூ வாங்கியது, சொந்தங்களுக்குச் சொல்லிவிட்டது, மயானத்தில் நேரம் கேட்டு வைத்தது எல்லாம் ஆனந்தகுமார்தான். அழ நேரம் இல்லை என்பதை ஒரு கௌரவமாகவே எடுத்துக்கொண்டு திரிந்தார். குளிப்பாட்டி, வேட்டி கட்டி, கூடத்தில் கிடத்தியதும் பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி, "நெத்திக்காசு எங்கே?" என்று கேட்டாள். சந்தனத்தைக் குழைத்து நெற்றியில் ஒரு காசை ஒட்டி அனுப்புவது அவர்கள் வழக்கம். மயானத்தில் அதை எடுத்து அங்கே வேலை பார்ப்பவரிடம் கொடுத்துவிடுவார்கள். இப்போது யார் வீட்டில் சில்லறை இருக்கிறது? எல்லாம் போனில் முடிந்துவிடுகிறது. ஸுப்ரியா உள்ளே ஓடினாள். ஆணியில் தொங்கிய அப்பாவின் சட்டைப் பையைத் துழாவி, அகப்பட்ட காசைக் கொண்டு வந்தாள். அழுதுகொண்டே ஒட்டினாள். எந்தக் காசு, எந்தப் பக்கம் என்று அந்த நேரத்தில் யார் பார்ப்பார்கள்?

ஆனந்தகுமார் பார்த்தார்.

வாய்க்கரிசி போடக் குனிந்தபோது முதலில் அத்தானின் முகத்தைத்தான் பார்த்தார். மீசைக்கடியில் ஏதோ சொல்ல வந்து அடக்கிக்கொண்டது போல இருந்தது. பிறகு கண் தானாக மேலே போயிற்று. பழைய ரூபாய். விளிம்பெல்லாம் சந்தனம். நடுவில் எண் இல்லை. சிங்கம். இடவலம் மாறி, பள்ளத்தில்.

அதுவரை நெஞ்சில் கனமாகக் கிடந்த துக்கம் எங்கே போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. இத்தனை வருஷம் ஞாயிறு தவறாமல் துழாவிய கல்லாவில் கிடைக்காதது, இதோ, அதே கல்லாவின் சொந்தக்காரர் நெற்றியில் உட்கார்ந்திருக்கிறது. பின்னால் நின்றவர் தோளைத் தொட்டு, "மனசைத் தேத்திக்கோங்க, மத்தவங்களும் போடணும்" என்று சொன்ன பிறகுதான் நகர்ந்தார்.

நகர்ந்தாரே தவிர மனம் அங்கேயே நின்றது. மறுபக்கம் எப்படி இருக்கும்? அந்தப் பக்கம் சந்தனத்துக்குள் புதைந்து, அத்தானின் தோலோடு ஒட்டிக் கிடக்கிறது. மயானத்தில் வேலை பார்க்கும் சேட்டன் எடுத்து இடுப்பில் சொருகுவார். சாயங்காலம் சாயாக் கடையில் கொடுப்பார். அதோடு போயிற்று. இனி அந்தக் காசை யாரும் எங்கும் தேடிப் பிடிக்க முடியாது. அத்தானுக்கு அது எதற்கு? சந்தனத்தில் ஒட்டியிருந்தால் எந்த ரூபாயும் ரூபாய்தானே? இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக நியாயங்கள் வந்தன. ஒவ்வொன்றும் வரும்போது நியாயமாகத்தான் இருந்தது.

தூக்கும் நேரம். பெண்களின் அழுகை உயர்ந்தது. ஆனந்தகுமார் தலைமாட்டில் போய் நின்றார். "காசு சரியுது" என்றார், யாரிடம் என்றில்லாமல். குனிந்தார். சட்டைப் பையில் பூக்காரி கொடுத்த மிச்சக் காசு இருந்தது. அதை வலது உள்ளங்கையில் மறைத்து, நெற்றியில் கட்டைவிரலை அழுத்தி, ஒன்றை வழித்து எடுத்து மற்றதை அதே ஈரத்தில் ஒட்டினார். காசின் முகத்தைத் தொடக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்ன விரல். நெற்றி சில்லென்று இருந்தது. கை நடுங்கியது. எதிரில் கமலாக்ஷி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தது காசை இல்லை, நடுக்கத்தை. "தம்பி..." என்று கதறி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மடக்கிய விரல்களுக்குள் சந்தனம் பிசுபிசுத்தது.

மயானத்தில் வேலை பார்ப்பவர் நெற்றிக்காசை எடுத்து, பார்க்காமலே பையில் போட்டுக்கொண்டார்.

திரும்பி வந்ததும் வீட்டு வாசலிலேயே மனைவி மாதுரி வாளியில் தண்ணீர் வைத்திருந்தாள். மயானத்துக்குப் போனவர், உடுத்த துணி, கையில் கட்டிய கைக்குட்டை எல்லாம் நனைந்துதான் வீட்டுக்குள் வர வேண்டும். தலையோடு தண்ணீரை ஊற்றிக்கொண்டார். ஊற்றுவதற்கு முன்னால் காசை ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்துவிட்டார். மயானத்திலிருந்து வந்ததில் அன்று நனையாமல் தப்பியது அது ஒன்றுதான்.

"உங்க அக்கா சொன்னாங்க. உங்க கை நடுங்கினதைப் பாத்து அவங்களுக்கு மனசே ஒடைஞ்சு போச்சாம்" என்றாள் மாதுரி, துண்டை நீட்டிக்கொண்டே. "எல்லாத்தையும் உள்ளுக்குள்ளயே வச்சுக்கறீங்க. ஒரு தடவை அழுதாத்தான் என்ன?"

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அது அவளுக்கு அழுகை போலத் தெரிந்திருக்கும்.

கடைக்குக் கொண்டுபோய் உறையில் போட்டு வைத்தார். மறுபக்கம் முழுக்கச் சந்தனம் காய்ந்து ஓடு கட்டியிருந்தது. விளிம்பிலும் அப்படியே. கழுவினால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஆனால் காசைக் கழுவக் கூடாது என்பது அவர் விதி. அந்த விதியைத் தன்னிடமே இப்படி உரக்கச் சொல்லிக்கொண்டார். உண்மையில் கை வரவில்லை. லென்ஸில் பார்த்தபோது சந்தனத்தில் நரைத்த மயிர் ஒன்று பதிந்திருந்தது. அத்தானின் புருவம். லென்ஸை வைத்துவிட்டார். ஆட்கள் காசு கொண்டு வந்தபோது, "கண்ணு சரியில்லை, அப்புறம் வாங்க" என்று அனுப்பினார். இழுப்பறையைத் திறக்காமலே லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்தார்.

அஸ்தியை ஆற்றில் கரைக்க ஆலுவாவுக்குக் கொண்டுபோக வேண்டியதைப் பற்றிப் பேச அக்கா வீட்டுக்குப் போனார். கமலாக்ஷி சாயா போட்டுக் கொடுத்தாள். வண்டி, கிளம்பும் நேரம், யார் யார் வருவது என்றெல்லாம் பேசி முடித்த பிறகு, அவள் முகத்தில் அத்தனை நாள் இல்லாத ஒரு தெளிவு வந்தது.

"டேய் குமாரு, உனக்கு ஒரு விஷயம் தெரியாதில்ல? உங்க அத்தான் உன்னை ஏமாத்த ஒரு வேலை பண்ணி வச்சிருந்தார்."

"என்ன வேலை?"

"தோப்பும்படில படகு எஞ்சின் ரிப்பேர் பண்ற பட்டறை வச்சிருக்கானில்ல, ஹரிநாராயணன்? அவன்கிட்ட போய் ஒரு பழைய ரூபாயோட பின்பக்கத்தை அராவி, மேல ஒரு புது ரூபாயைக் கமுத்திப் போட்டு, பிரஸ்ஸுல வச்சு அமுக்கி வாங்கிட்டு வந்தார். உன் குழிச்சிங்கம்!"

ஸுப்ரியா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்பா என்ன சிரிப்பு சிரிச்சார் தெரியுமா மாமா? ஓணத்துக்கு நீங்க வர்றப்ப கல்லாவுல போட்டு வச்சு, நீங்களாக் கண்டுபிடிக்கறதைப் பாக்கணுமாம். 'அளியன் கண்ணு நேந்திரங்கா சைஸுக்கு ஆகும் பாரு'ன்னு சொல்லிச் சொல்லிக் காமிச்சார்."

"'எல்லாக் காசையும் திருப்பிப் பாக்கறவன், இதைத் திருப்பறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் மயங்குவானில்ல, அந்த ஒரு நிமிஷம் போதும் எனக்கு'ன்னார்" என்றாள் கமலாக்ஷி. "சட்டைப் பைலயே வச்சுட்டு நடந்தார். இவ அன்னைக்கு அவசரத்துல அதையே எடுத்து நெத்தில வச்சுட்டா. எனக்கு அப்பவே தெரிஞ்சது. மாத்தச் சொல்லலை. இருக்கட்டும், அவர் தமாஷ் அவர்கூட வரட்டும்னு விட்டுட்டேன்."

ஆனந்தகுமாரின் கையில் சாயா ஏடு கட்டிக்கொண்டிருந்தது.

"அந்த மயானத்துச் சேட்டன் எடுத்திருப்பார்ல? சாயாக் கடைல கொடுத்திருப்பார். கடைக்காரன் இதென்னடா சிங்கம் குழிக்குள்ள விழுந்து கெடக்குன்னு முழிச்சிருப்பான். அவன் யார் தலைலயாவது கட்டியிருப்பான். இந்நேரம் ஊரெல்லாம் சுத்திட்டு இருக்கும்." அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், சிரித்துக்கொண்டுதான் துடைத்தாள். "ராத்திரி தூக்கம் வராதப்ப அதை நெனச்சுக்கறேன். இப்ப யார் கைல இருக்கோ, யாரை ஏமாத்திட்டு இருக்காரோன்னு. இத்தனை நாள்ல எனக்குச் சிரிப்பு வர்றது அது ஒண்ணுக்குத்தான்... சாயா ஆறிப்போச்சு பாரு, குடி."

குடித்தார். என்ன குடித்தோம் என்று தெரியாமல் குடித்தார்.

நேரே கடைக்கு வந்தார். உறையிலிருந்து காசை எடுத்து, மூலையிலிருந்த குழாயில் பிடித்தார். சந்தனம் முதலில் வெளுத்தது, பிறகு இளகியது, பிறகு மொத்தமாகக் கழன்று ஓடியது. அந்த நரை மயிர் நினைவுக்கு வந்து விரலை நீட்டியபோது அது தண்ணீரோடு போய்விட்டிருந்தது. சின்னப் பிள்ளை போல அந்தத் துவாரத்துக்குள் குனிந்து பார்த்தார்.

காசைத் திருப்பினார். சிங்கத்தின் மூக்கு நசுங்கியிருந்தது. பிடரி சப்பையாகியிருந்தது. பின்பக்கம் அரத்தின் கீறல்கள். பதிந்த காசு இதைவிடச் சின்னது என்பதால் விளிம்பைச் சுற்றி ஒரு வெற்று வளையம் வேறு. கடை வாசலில் எவனாவது இதை நீட்டியிருந்தால் கையில் வாங்கும்போதே திருப்பிக் கொடுத்திருப்பார். நிஜக் காசாக இருந்திருந்தாலாவது என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதை நினைத்து, எடுத்ததற்குக் கூசியதைவிட அதிகமாகக் கூசினார். அத்தான் கேட்டது ஒரு நிமிஷ மயக்கம். இவர் கொடுத்தது எவ்வளவு!

எதிரில் அந்த மனிதர் இருந்திருந்தால் தொடையில் தட்டிச் சிரித்திருப்பார். இவரும் கோபித்துக்கொண்டு, பிறகு சிரித்திருப்பார். அந்தச் சிரிப்புக்குச் சொந்தக்காரர் போய்விட்டார். அதைச் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்காமல், பிணத்தின் நெற்றியில் கை வைத்தவன் மட்டும் மிச்சம்.

ஆலுவாவுக்குப் போன அன்று இடப்பள்ளி தாண்டும்வரை வண்டி நகரவே இல்லை. அஸ்திக் கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் ஆனந்தகுமார். சட்டைப் பையில் காசு. சடங்கு நடக்கும்போது யாருக்கும் தெரியாமல் ஆற்றில் நழுவவிட்டுவிடலாம் என்று எண்ணியிருந்தார். அக்காவின் கதை அப்படியே இருக்கட்டும். ஊரெல்லாம் சுற்றும் காசு சுற்றிக்கொண்டே இருக்கட்டும். அவளுக்கு அது நல்லதுதானே? இதுவும் வரும்போது நியாயமாகத்தான் இருந்தது. அத்தானைக் கிடத்தியிருந்த கூடத்தில் வந்த நியாயங்களின் அதே முகம் இதற்கும் இருந்ததால் அவர் பயந்தார்.

பெரியாறு மழைக்குச் சிவந்து ஓடியது. கலயம் கவிழ்ந்தது. பிண்டம் கரைந்தது. ஸுப்ரியா ஈரத்துணி மாற்றப் போனாள். கமலாக்ஷி படியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் ஒரு படி கீழே உட்கார்ந்தார்.

"அக்கா, அந்தக் காசு மயானத்துக்குப் போகலை."

"எந்தக் காசு?"

எடுத்துக் காட்டினார். அவள் அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். எங்கிருந்தோ கிளம்பி வந்தது போல ஒரு சிரிப்பு வந்தது. "அட பாவி, ஏமாந்துட்டியா நீ? அவர்கிட்ட ஏமாந்துட்டியா?"

"ஏமாந்துட்டேன்."

சிரிப்பு பாதியில் நின்றது. "எப்ப எடுத்தே?"

"தூக்கறதுக்கு முன்னாடி. காசு சரியுதுன்னு சொன்னேனில்ல..."

"சரிஞ்சுதா?"

"இல்லை."

அக்கரையில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். கமலாக்ஷி காசிலிருந்து கண்ணை எடுத்து ஆற்றைப் பார்த்தாள். பேசியபோது குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

"உன் கை நடுங்கிச்சு. வந்தவங்க எல்லார்கிட்டயும் சொன்னேன். என் தம்பி அழமாட்டான், அவன் அழுகையெல்லாம் கைலதான் இருக்குன்னு."

அவர் தலையைத் தொங்கப் போட்டார்.

"அப்ப அவர் நெத்தில கடைசில இருந்தது என்ன காசு?"

"சாதாக் காசு. ஒரு ரூபா."

"எந்த வருஷத்துக் காசு?"

எந்தக் காசு கைக்கு வந்தாலும், பஸ் கண்டக்டர் கொடுக்கும் சில்லறையானாலும், வருஷம் பார்க்காமல் பையில் போட்டதில்லை அவர். பூக்காரி கொடுத்ததை வாங்கியபோது பார்த்திருப்பார். நினைவில்லை. நெற்றியில் ஒட்டும்போது...

"பாக்கலைக்கா."

அவள் மெல்லத் தலையாட்டினாள். அவர் காசை ஆற்றை நோக்கி ஓங்கினார். அவள் கையைப் பிடித்தாள், அன்று பிடித்த அதே மணிக்கட்டு.

"போடாதே. அவர் போயிருக்கற தண்ணி அது. நீ எடுத்தது, நீயே வச்சுக்கோ."

அது இப்போது கடை இழுப்பறையில், உறை இல்லாமல், லென்ஸுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. ஒருநாள் முகைதீன் பிச்சை துழாவி எடுத்துவிட்டார்.

"டேய், இது பட்டறைக் காசாச்சே. உன் பெட்டில எப்பிடி?"

"எங்க அத்தான் செஞ்சது பாய்."

"பிச்சுமணியா? அந்த மனுஷனுக்கு இந்த வேலையும் தெரியுமா!" விளிம்பைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "ஆனா சுமார்தான். இதுக்கு யாராச்சும் ஏமாந்தானா?"

"ஒருத்தன் ஏமாந்தான்."

பாய் சிரித்தார். ஆனந்தகுமாரின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். காசை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

துக்கம் நடந்த வீட்டில் அந்த வருஷம் ஓணம் இல்லை. ஆனாலும் அன்று அவர் அத்தானின் கடைக்குப் போனார். போகாமல் இருந்தால் அது இன்னொரு ஒளிதல் என்று தோன்றியது. கடை பாதி ஷட்டர் இறக்கியிருந்தது. ஸுப்ரியா சரக்கு அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் கல்லாப் பக்கம் பார்க்காமல் வாசலை ஒட்டிய ஸ்டூலில் உட்கார்ந்தார். கமலாக்ஷி உள்ளே போய், சில்லறைப் பெட்டியைத் தூக்கி வந்து அவர் முன்னால் வைத்தாள். பிச்சுமணி தள்ளுவது போலத் தள்ளவில்லை. வைத்தாள்.

"வேண்டாம்க்கா."

"பாரு."

அவர் கை மடியிலேயே இருந்தது.

"பாருன்னு சொன்னேனில்ல. வருஷத்தைச் சத்தமாச் சொல்லிட்டே பாரு. நான் கேக்கணும்."

அவள் எதிரில் உட்கார்ந்துகொண்டாள். ஆனந்தகுமார் முதல் காசை எடுத்தார், விளிம்பில் பிடித்து. கண் மங்கியது, துடைத்துக்கொண்டு வருஷத்தைப் படித்தார். அடுத்தது. அதற்கடுத்தது. எல்லாம் நேராகப் பிறந்த காசுகள். மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. ஸுப்ரியா அடுக்குவதை நிறுத்திவிட்டு நின்றாள். அவர் குரல் ஓரிடத்தில் உடைந்தது, அப்போதும் அக்கா போதும் என்று சொல்லவில்லை. அவரும் நிறுத்தவில்லை.